ராஜாஜியின் பொதுவாழ்வையும் பேச்சையும் எழுதுவது எப்படி: சேலத்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வழிகாட்டி

பள்ளி ஆண்டுமலருக்கும் சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கும் ராஜாஜியைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. தொரப்பள்ளியில் பிறந்தார், சேலத்தில் வக்கீலாக இருந்தார், வேதாரண்யத்தில் உப்பெடுத்தார், கவர்னர் ஜெனரல் ஆனார் என்று நான்கு வரிகளில் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அதன்பின், எங்கே, எப்போது, யாரிடம் சொன்னார் என்ற விவரம் எதுவும் இல்லாத இரண்டு மூன்று பொன்மொழிகள் சேர்க்கப்படுகின்றன. நாட்டின் மிக உயர்ந்த பதவிவரை சென்ற ஒருவர் தம் பொதுவாழ்வை இந்த ஊரின் நகரசபையில் தொடங்கினார் என்ற ஒரு காரணத்துக்காகவாவது, அவரைப் பற்றிச் சேலத்தில் எழுதப்படுவது வேறு எங்கு எழுதப்படுவதையும்விடத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வழிகாட்டி இருபது, முப்பது பக்கங்களில் ஒரு தலைவரின் அரசியல் வாழ்வையும் பொதுப்பேச்சையும் எழுத விரும்பும் மாணவருக்கும், அவருக்கு வழிகாட்டும் ஆசிரியருக்கும் உரியது. இதில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: ஒரு தலைவரின் சொல்லை, அவர் அன்று வகித்த பதவியிலிருந்தும், பேசிய நாளிலிருந்தும், எதிரே அமர்ந்திருந்தவர்களிடமிருந்தும் பிரித்து எடுத்தால் அது அவருடைய சொல்லாக இருப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பேசியும் எழுதியும் வந்த, தம் நிலைப்பாடுகளைப் பலமுறை மாற்றிக்கொண்ட, மாற்றியதை மறைக்காத ராஜாஜியின் விஷயத்தில் இது இரண்டு மடங்கு உண்மை.

முதலில் ஆண்டும் பதவியும்

பேச்சுகளைத் தேடிப் போவதற்கு முன்னால் ஒரு கால அட்டவணை தயாரிக்க வேண்டும். முழு நீளத் தாளில் ஐந்து பத்திகள் வரையுங்கள்: ஆண்டு, இருந்த ஊர், வகித்த பதவி, அந்தப் பதவிக்கு வந்த வழி, அந்நேரத்தில் அவருக்கு எதிரே நின்றவர்கள். கடைசி இரண்டு பத்திகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிற்பாடு பேச்சுகளைப் புரிந்துகொள்ள உதவப்போவது அவைதான்.

அட்டவணையின் முதுகெலும்பு இப்படி அமையும். 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறப்பு. 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில். 1911இல் சேலம் நகரசபை உறுப்பினர், 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவர். 1919இல் சென்னைக்குக் குடிபெயர்கிறார். காந்தியை நேரில் சந்திப்பதும் அந்த ஆண்டில்தான். 1920இல் வக்கீல் தொழிலைக் கைவிடுகிறார். 1921 டிசம்பரில் கைதாகி வேலூர்ச் சிறையில் மூன்று மாதம். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம். 1937 ஜூலை முதல் 1939 அக்டோபர் வரை சென்னை மாகாண அரசின் தலைமை. 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தை ஏற்காமலும், பாகிஸ்தான் கோரிக்கையில் முஸ்லிம் லீக்கோடு பேசித் தீர்வு காண வேண்டும் என்று வற்புறுத்தியும் காங்கிரசிலிருந்து விலகல். 1946இல் இடைக்கால அரசில் இடம், 1947 ஆகஸ்டில் மேற்கு வங்க கவர்னர், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை கவர்னர் ஜெனரல், பின்னர் பட்டேலின் மறைவுக்குப் பிறகு மத்திய உள்துறை அமைச்சர். 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சர். 1959இல் சுதந்திராக் கட்சி. 1967இல் தி.மு.க.வோடு கூட்டணி. 1972 டிசம்பர் 25 அன்று மறைவு.

பதவிக்கு வந்த வழி என்ற பத்தியில் எழுத வேண்டியவை சாதாரணமானவை அல்ல. 1937இல் அவர் சட்டசபைக்கு வந்தது சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து. 1952இல் முதலமைச்சரானபோது பொதுத்தேர்தலில் நிற்காமல், கவர்னரால் மேல்சபைக்கு நியமிக்கப்பட்டு வந்தார். அவருடைய சட்டசபைப் பேச்சுகளில் எதிர்க்கட்சியினர் குறுக்கிடும்போது இந்த நியமனத்தைத் திரும்பத் திரும்பக் குத்திக்காட்டுவதற்கும், அவர் பதில் சொல்லும் தொனிக்கும் பின்னணி அதுவே. 1952இல் கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று சபையிலேயே அவர் அறிவித்ததும், காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்காமல் கம்யூனிஸ்டுகளின் அணி வலுவாக வந்திருந்த ஒரு தேர்தலுக்குப் பிறகுதான். அட்டவணை கையில் இருந்தால் அந்தப் பேச்சு வெறும் ஆவேசமாகத் தெரியாது. எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு பேசிய ஒருவரின் சொல்லாகத் தெரியும்.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டும் மாணவர் ஒன்றைக் கண்டு குழம்பக் கூடாது. 1937ஆம் ஆண்டுச் செய்திகளில் ராஜாஜி ‘பிரதம மந்திரி’ என்று குறிப்பிடப்படுவார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாகாண அரசின் தலைவர்களுக்கு அதுவே பெயர். ‘முதலமைச்சர்’ என்று மாற்றி எழுதுவதாக இருந்தால் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

எது சேலம் மாவட்டம்?

உள்ளூர் வரலாறு எழுதுபவர்கள் மிக எளிதாகத் தவறுகிற இடம் இது. ராஜாஜி ‘சேலம் மாவட்டம்’ என்று சொல்லும்போது அவர் மனதில் இருந்த நிலப்பரப்பு, இன்று ஏற்காட்டு மலையிலிருந்து பார்க்கும்போது நாம் நினைக்கிற மாவட்டம் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருச்செங்கோடு, ராசிபுரம் எல்லாம் அதில் அடக்கம். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே அவர் பிறந்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலும், அவர் ஆசிரமம் நடத்திய புதுப்பாளையம் நாமக்கல் மாவட்டத்திலும் இருக்கின்றன. கட்டுரையின் தொடக்கத்திலேயே அக்கால மாவட்டத்தின் எல்லையைக் காட்டும் ஒரு சிறு வரைபடத்தைச் சேர்த்துவிட்டால் வாசகருக்குப் பெரும் உதவியாக இருக்கும். 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியரில் அக்காலத் தாலுகாக்களின் விவரம் கிடைக்கும்.

நான்கு வகைச் சொற்கள்

தலைவர் சொன்னதாக நம் கைக்கு வருவனவற்றை நான்காகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம். சட்டசபையில் பேசியது; பொதுமேடையில் பேசியது; தம் கையால் எழுதியது; அவர் சொன்னதாகப் பிறர் நினைவுகூர்ந்து எழுதியது. நான்கும் ஒரே எடை உடையவை அல்ல.

சட்டசபைப் பேச்சு சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு அச்சானது. குறுக்கீடுகளும், சபாநாயகர் தலையிட்டதும், கைதட்டலும்கூட அதில் பதிவாகியிருக்கும். சென்னைச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்கும்போது ராஜாஜியின் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அவருக்கு முன்னால் பேசியவர் எழுப்பிய கேள்வி எது, அவர் அமர்ந்தபின் எழுந்தவர் என்ன மறுப்புச் சொன்னார் என்பதையும் படித்தால்தான், எந்த வாக்கியம் வாதத்தின் மையம், எது அந்த நிமிடத்துச் சமத்காரம் என்பது விளங்கும். அவர் வக்கீலாக இருந்தவர். எதிர்வாதத்தின் பலவீனமான மூட்டைப் பிடித்து அழுத்துவது அவருடைய பழக்கம். எதிர்வாதம் தெரியாமல் அவருடைய பதிலை மட்டும் மேற்கோள் காட்டுவது பாதிக் கணக்கைக் காட்டுவதாகும்.

மேடைப் பேச்சுக்குப் பத்திரிகையே ஆதாரம். ‘தி இந்து’, ‘சுதேசமித்திரன்’, 1934 முதல் ‘தினமணி’ ஆகியவை ஒரு பக்கம். 1925இல் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’, பின்னர் வந்த ‘விடுதலை’ ஆகியவை மறுபக்கம். ஒரே கூட்டத்தைக் குறைந்தது இரண்டு பத்திரிகைகளில் படிக்க வேண்டும். அவற்றில் ஒன்று அவரை எதிர்த்த பத்திரிகையாக இருக்க வேண்டும். ஆதரவான பத்திரிகை கூட்டத்தின் பெருமையையும், எதிர்ப்பான பத்திரிகை கூட்டத்தில் எழுந்த கேள்விகளையும் பதிவு செய்திருக்கும். இரண்டிலும் ஒன்றுபோல வருகிற வாக்கியத்தை நம்பி எடுத்தாளலாம். அவர் ஆங்கிலத்தில் பேசினாரா தமிழில் பேசினாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பேச்சின் தமிழ்ச் செய்தியை அவருடைய நேர்வாக்காக மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது.

பிரிட்டிஷ் அரசு தமிழ்ப் பத்திரிகைகளைக் கண்காணித்து வாரந்தோறும் தயாரித்த ஆங்கிலச் சுருக்கங்களும் காவல்துறை அறிக்கைகளும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவை பயனுள்ளவையே. ஆனால் அவற்றை எழுதியவர், தலைவரின் சொல்லில் ராஜத்துரோகத்தைத் தேடுவதையே வேலையாகக் கொண்டிருந்த அரசு ஊழியர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

நினைவுக்குறிப்புகளில் வரும் உரையாடல்களை இறுதியில் வையுங்கள். அவை சுவையானவை, எழுதுபவரைச் சட்டென்று ஈர்ப்பவை. நாளும் இடமும் உறுதிப்படாதவரை அவற்றை ‘என்று இன்னார் நினைவுகூர்கிறார்’ என்ற சொற்களோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

ஒரு புகழ்பெற்ற வாசகத்தைச் சோதித்துப் பார்த்தல்

வாட்ஸ்ஆப்பில் அடிக்கடி சுற்றிவரும் ஒரு வாசகத்தை எடுத்துக்கொண்டு பயிற்சி செய்வோம். சுதந்திரம் கிடைத்தவுடன் தேர்தல்களும் அவற்றின் ஊழலும், அநீதியும், பணபலத்தின் கொடுமையும், நிர்வாகத் திறமையின்மையும் வாழ்க்கையை நரகமாக்கும் என்று ராஜாஜி அன்றே சொன்னார் என்று அது தொடங்கும். பல பகிர்வுகளில் அங்கேயே முடிந்தும்விடும். கவர்னர் ஜெனரலாக இருந்து அலுத்துப்போனவரின் வாக்குமூலம்போல அது படிக்கப்படுகிறது.

கால அட்டவணையைத் திறந்து பாருங்கள். இந்தச் சொற்கள் 1922 ஜனவரியில் வேலூர்ச் சிறையில் எழுதப்பட்ட நாட்குறிப்பில் உள்ளவை. அப்போது அவருக்கு வயது 43. எந்தப் பதவியும் இல்லை. ஒத்துழையாமை இயக்கத்தில் கைதான கைதி. எதிரே கூட்டமும் இல்லை. தம் நோட்டுப் புத்தகத்துக்கு எழுதிக்கொண்டது. ஆகவே இதைப் ‘பேச்சு’ என்று எழுதுவது முதல் பிழை. இரண்டாவது, அந்தப் பகுதி அங்கே முடியவில்லை. சுயராஜ்யத்தால் உடனடியாகக் கிடைக்கும் ஒரே லாபம், ஓர் இனமாக நாம் அவமானத்திலிருந்தும் அடிமைத்தனத்திலிருந்தும் காப்பாற்றப்படுவதே என்று அவர் தொடர்கிறார். அனைவருக்கும் கல்வி கிடைத்து, நன்னடத்தையும் தெய்வ பயமும் அன்பும் குழந்தைப் பருவத்திலிருந்தே வளர்ந்தால்தான் நம்பிக்கைக்கு இடமுண்டு என்கிறார்.

பின்பகுதியைச் சேர்த்துப் படித்தால் பொருள் அடியோடு மாறுகிறது. சுதந்திரத்தின் மீது அவநம்பிக்கை கொண்டவர் எழுதியது அல்ல இது. சுதந்திரம் சுகம் தராது என்று தெரிந்தும், அதற்காகவே சிறைக்குப் போன ஒருவர் எழுதியது. என் பார்வையில் அவருடைய தேசியத்தின் சாரம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் முன்பாதியை மட்டும் அச்சிட்டுப் பரப்புவது அவருக்குச் செய்யும் அநீதி. எந்த மேற்கோளை எடுத்தாலும், அதற்கு முன்னுள்ள பத்தியையும் பின்னுள்ள பத்தியையும் முழுவதும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகே தேவையான பகுதியை வெட்டுங்கள்.

குறிப்பு அட்டையில் எழுத வேண்டியவை இவை: நாள், இடம், அன்றைய பதவி, கேட்டவர் அல்லது வாசகர், மொழி, முதலில் வெளியான இடம், நீங்கள் பார்த்த பிரதி. இந்த ஏழில் நான்குக்கேனும் விடை தெரியாத வாசகத்தைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

சொல்லிலிருந்து சட்டம்வரை: சேலத்து மதுவிலக்கு

சேலத்தில் இருந்துகொண்டு ராஜாஜியை எழுதுபவருக்கு வாய்த்த மிகச் சிறந்த பொருள் மதுவிலக்கு. ஒரு தலைவரின் சொல் எழுத்தாகி, எழுத்து சட்டமாகி, சட்டம் வீட்டு வாசல்வரை வந்து நின்ற வரலாற்றை முழுவதுமாகத் தொடர்ந்து பார்க்க இந்த மண் இடம் தருகிறது. இதற்கு உங்கள் பக்கங்களில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கினாலும் தகும்.

புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து தொடங்குங்கள். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் அங்கே ஒரே வேலையின் பகுதிகளாக நடந்தன. 1929இல் மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற மாத இதழை ராஜாஜி அங்கிருந்து நடத்தினார். உதவியாசிரியராக இருந்தவர் பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. அந்த இதழில் ராஜாஜி எழுதிய நடையைக் கவனியுங்கள்: கள்ளுக்கடைக்குப் போகும் கூலித்தொழிலாளியையும், வீட்டில் காத்திருக்கும் அவன் மனைவியையும் நேரே பார்த்துப் பேசும் எளிய தமிழ். மாகாண அரசை நடத்தும்போது இதே விஷயத்தைச் சட்டசபையில் ஆங்கிலத்தில், வரவுசெலவுக் கணக்கோடு பேசுகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டால், ஒரே கொள்கை இரண்டு சபைகளுக்கு எப்படி வடிவம் மாறுகிறது என்பதை வாசகரே கண்டுகொள்வார். நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

1937இல் பதவியேற்ற சில மாதங்களிலேயே மதுவிலக்குச் சட்டம் நிறைவேறி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், அதற்கடுத்த ஆண்டு வட ஆர்க்காட்டுக்கும் விரிந்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் கொண்டுவராமல் மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுவந்ததில் நிர்வாகக் கவலையும் பணக்கவலையும் இருந்தன. அப்காரி வருமானம், அதாவது கள், சாராயத்தின் மீதான வரி, அன்றைய அரசின் பெரிய வருவாய்களில் ஒன்று. அதை இழக்கும் அரசுக்கு வேறு வழி வேண்டும் என்பதாலேயே 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுவே தொடக்கம். இன்று கடைப் பில்லில் நாம் காணும் வரியின் மூதாதைக்கு ஒரு வேர் சேலத்துக் கள்ளுக்கடை மூடலில் இருக்கிறது என்பதை மாணவர்கள் அறியும்போது, மதுவிலக்கு ஒழுக்கப் பிரசாரமாக மட்டும் அவர்களுக்குத் தோன்றாது.

அடுத்ததாக, சட்டம் தரையில் எப்படி நடந்தது என்று பாருங்கள். மூடப்பட்ட கடைகள், மரமேறிப் பிழைத்த குடும்பங்களின் நிலை, கள்ளச்சாராய வழக்குகள், கூலி வீட்டுக்கு வந்து சேர்ந்ததால் ஏற்பட்ட மாற்றம் என எல்லாவற்றையும் தேட வேண்டும். அரசு வெளியிட்ட அறிக்கைகள் சட்டத்தின் வெற்றியைச் சொல்லும். அவற்றை மட்டும் நம்பி எழுதக் கூடாது. 1937இல் விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களில் இன்று நம்மிடையே இருப்பவர் மிகச் சிலர். எனவே ஓமலூர், ஆத்தூர், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமங்களில், தாயோ பாட்டியோ சொல்லக் கேட்டவர்களைத்தான் நீங்கள் பெரும்பாலும் சந்திப்பீர்கள். வயதில் பெரியவரைப் பார்க்கப் போகும்போது, ‘ராஜாஜியைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா’ என்று கேட்டால் மேடைப்பேச்சுபோல ஒரு புகழுரை கிடைக்கும். ‘கள்ளுக்கடை மூடின பிறகு உங்க வீட்டுல என்ன மாறுச்சுன்னு அம்மாச்சி சொல்லுவாங்களா?’ என்று கேட்டால் வீட்டின் கதை வரும். அதுவே உங்களுக்கு வேண்டியது. மரமேறும் தொழிலை இழந்த குடும்பத்திலும் இதே கேள்வியை அதே மரியாதையோடு கேட்க வேண்டும். சொன்னவரின் அனுமதி இல்லாமல் அவருடைய பெயரை எழுதாதீர்கள். ஊரும் வயதும் போதும்.

முன்னுக்குப் பின் முரணான சொற்கள்

மாணவர்கள் தயங்கி நின்றுவிடும் இடம் மொழிப் பிரச்சினை. சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916இல், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியவர்களில் ராஜாஜி ஒருவர். பள்ளிகளில் தமிழே பயிற்றுமொழியாக வேண்டும் என்றும் அக்காலத்தில் வாதாடினார். அவரே 1938 ஏப்ரலில், அரசின் தலைவராக இருந்து, 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கும் ஆணையைப் பிறப்பித்தார். எதிர்த்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோது நோயுற்று உயிரிழந்தனர். அவர் பதவி விலகிய பிறகு, 1940 பிப்ரவரியில் கவர்னர் அந்தக் கட்டாயத்தை நீக்கினார். 1958இல் கல்கத்தாவில் நடந்த மொழி மாநாட்டிலோ, இந்தி ஆதரவாளர்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு அந்நியமோ, இந்தி பேசாத மக்களுக்கு இந்தியும் அவ்வளவு அந்நியம் என்று அதே ராஜாஜி வாதாடினார். 1965இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்த்தவர்களின் வரிசையில் அவரும் நின்றார்.

இந்த நான்கு நிலைகளில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது எளிது. அப்படிச் செய்யாதீர்கள். ஆண்டு வரிசையில் நான்கையும் எழுதி, ஒவ்வொன்றின்போதும் அவர் யாராக இருந்தார், நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சேருங்கள். 1938இல் அவர் பேசியது அந்நிய ஆட்சிக்கு எதிரே ஒற்றுமையை நாடிய காங்கிரஸ் ஆட்சியாளராக. 1958இல் பேசியது, மத்திய அரசின் கையில் அதிகாரம் குவிவதைக் கண்டு அஞ்சிய, கட்சியை விட்டு விலகிவந்த ஒருவராக. இது விளக்கமே தவிர, மன்னிப்பு அல்ல. 1938இல் சிறை சென்றவர்களின் குரலுக்கும் உங்கள் கட்டுரையில் அதே அளவு இடம் இருக்க வேண்டும். அன்றைய தேதியிட்ட அவர்களுடைய பேச்சுகளும் அறிக்கைகளும் ‘விடுதலை’ இதழில் அச்சாகியிருக்கின்றன.

1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்துக்கும் இதே முறைதான். பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று அழைத்தார்கள். அரசு அதைத் தொடக்கக் கல்விச் சீர்திருத்தம் என்றது. பெயர் எதுவாயினும், எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளேயே வளர்ந்து, 1954 ஏப்ரலில் அவர் விலகவும் காமராஜர் முதலமைச்சராகவும் வழிவகுத்தது. பள்ளியில் இடம் கிடைப்பதே போராட்டமாக இருந்த சாதிகளின் பார்வையில் அது ஏன் அவ்வளவு கசந்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பகுதியை எழுதக் கூடாது. ராஜாஜியின் மீது பெருமதிப்பு உள்ளவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்: அவர் மக்களின் மனத்தை அறியத் தவறிய இடம் இது.

எங்கே தேடுவது

சேலத்திலேயே மாவட்ட மைய நூலகத்தில் தொடங்குங்கள். வாழ்க்கை வரலாறுகளும் தொகுதிகளும் முதல் வாசிப்புக்குப் போதுமானவை. பிறகு வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியவை பல உண்டு. தமிழ் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் பிரிட்டிஷ் அரசின் கோப்புகளைத் தேடலாம். காந்தியின் நூறு தொகுதி எழுத்துகள் இணையத்தில் உள்ளன, அவற்றில் ராஜாஜிக்கு எழுதிய கடிதங்களை நாள் வரிசையில் எடுத்தால் 1919 முதலான பாதை தெளிவாகும்.

சென்னைக்கு ஒரு பயணம் தவிர்க்க முடியாதது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1917 முதல் 1919 வரையிலான உள்ளாட்சித் துறை அரசாணைகளில் சேலம் நகரசபை பற்றிய கடிதப் போக்குவரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் மைக்ரோஃபிலிமில் உள்ளன. சேலம் நகரசபையின் தீர்மானப் புத்தகங்களைப் பற்றி மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பித்துக் கேட்பதும் நல்லது. தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு அரசின் நினைவில்லமாக இருக்கிறது. புதுப்பாளையத்து ஆசிரமம் இன்றும் இயங்குகிறது. இந்த இரண்டு இடங்களையும் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள், எழுதி முடித்த பிறகு அல்ல.

பக்கத்தில் நின்ற மற்றொருவர்

ராஜாஜியைத் தனியாக எழுதினால், சேலத்துத் தேசியம் அவரோடுதான் தொடங்கியதுபோலத் தோன்றிவிடும். அது சரியல்ல. சேலம் சி. விஜயராகவாச்சாரியார் 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, தண்டிக்கப்பட்டு, உயர்நீதிமன்றத்தில் விடுதலையாகி, இழந்த நகரசபை இடத்தையும் வழக்காடித் திரும்பப் பெற்றவர். 1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. காங்கிரசின் குறிக்கோள் சுயராஜ்யம் என்று திருத்தப்பட்டதும், மாகாணக் கமிட்டிகள் மொழிவாரியாக அமைக்கப்பட்டதும் அந்த மாநாட்டில்தான். ஆனால் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தை அவர் முழு மனதோடு ஏற்கவில்லை. அதே ஆண்டில் ராஜாஜி அந்தத் திட்டத்துக்காக நல்ல வருமானம் வந்த வக்கீல் தொழிலை உதறினார். ஒரே ஊரின் இரண்டு வக்கீல்கள், சட்டத்தின் வழியில் உரிமை கேட்பதா, சட்டத்தை மறுத்துச் சிறை போவதா என்ற கேள்விக்கு இரண்டு விடை சொன்ன ஆண்டு அது. இருவருடைய சொற்களையும் 1920ஆம் ஆண்டில் எதிரெதிரே வைத்து ஓர் அத்தியாயம் எழுதினால், அந்த முடிவு அன்று எவ்வளவு கடினமாக இருந்தது என்பது புரியும்.

எழுதி முடித்த பிறகு

முதல் பிரதியை இருவரிடம் கொடுங்கள்: ராஜாஜியைப் போற்றும் ஒருவர், அவரை ஏற்காத ஒருவர். இருவரும் எந்த வரியில் கோபப்படுகிறார்கள் என்று கேட்டு, அந்த வரிகளின் குறிப்பு அட்டைகளை மீண்டும் சரிபாருங்கள். ஆதாரம் உறுதியாக இருந்தால் வரியை மாற்ற வேண்டாம். மேற்கோள்களில் ஒவ்வொன்றுக்கும் நாளும் இடமும் பக்கத்திலேயே இருக்கட்டும்; ரூபாய், அணா, மைல் போன்ற அக்கால அளவுகளை அப்படியே எழுதிவிட்டு இன்றைய அளவை அடிக்குறிப்பில் தாருங்கள். நேர்காணல் ஒலிப்பதிவுகளைப் பேசியவரின் ஊர், வயது, பதிவு செய்த நாள் ஆகியவற்றோடு ஒரு பென்டிரைவில் சேமித்து, கட்டுரையின் பிரதியோடு கல்லூரி நூலகத்துக்கு ஒன்றும் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்றும் கொடுங்கள். குறிப்பு அட்டைகளின் ஜெராக்ஸையும் அதோடு இணைத்துவிட்டால், அடுத்து எழுத வருபவர் நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடர முடியும்.